ஆனி மாதத்து ஆயில் லீக்

மகனே,

நீ நலமாக இருப்பாய் என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு இருப்பவன் நலமாக இல்லாமல் வேறு யார் இருப்பார்கள்? அதனால் அந்த விசாரிப்பை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். நேராக என்றுதான் சொன்னேன், சுருக்கமாக என்று சொல்லவில்லை. ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபோனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுவாய். கடிதத்தின் வாயை அப்படி அடைக்க முடியாது. மடித்து வைத்தாலும் திறந்தால் விட்ட இடத்திலிருந்து பேசும்.

போன வாரம் செங்கோட்டையில் மீனாவுக்கும் உனக்கும் நிச்சயம் முடிந்து திரும்பும்போது, ஆண்கள் ஏறிய வேன் பிரானூர் மரக்கடைகளுக்குப் பக்கத்தில் நின்றுபோனதே, அந்த விஷயம்தான். நான் பெண்களோடு முன்னால் போன வண்டியில் இருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்த உன் அப்பாதான் சட்டையைக் கழற்றிக்கொண்டே சிரித்தபடி சொன்னார். "தட்டை மாத்தின கையோட வண்டி படுத்துட்டு. வாரவ நேரம் எப்படி இருக்குன்னு பாத்துக்கோங்கன்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பழக்கூடையைத் தூக்கிக்கிட்டு நம்மகூட வந்தான்லா, பொண்ணோட தம்பி, அவன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டான்." நான் கேட்டேன், "நம்ம பய என்ன சொன்னான்?" "அவன் என்னத்தச் சொல்லுவான். ஜன்னல் வழியா மரக்கடையப் பாத்துக்கிட்டிருந்தான்." பிரானூர் மரக்கடையில் அடுக்கி வைத்த மரத்தைத் தவிர அப்படி என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் உன் முகம் அந்த ஜன்னல் பக்கம் திரும்பியது எப்படி என்று எனக்குத் தெரியும். உனக்கு முன்னால் ஒருவர் அதே மாதிரி முகத்தைத் திருப்பியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அறுபதுகளின் ஆரம்பம். எனக்குப் பதினேழு வயது. வைகாசியில் கல்யாணமாகி சுந்தரபாண்டியபுரத்திலிருந்து தென்காசிக்கு வந்தேன். குற்றாலம் போகிற சாலையில், மேலகரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வீடு. பக்கத்துக் காலி மனையில் லாரி நிற்கும். மாமியார் கிடையாது, எனக்கு முன்பே போய்விட்டார். வீட்டில் இருந்தது மாமா, உன் அப்பா, நான். மாமா என்றால் நீ தாத்தா என்று கூப்பிட்டாயே, அவர்தான். மூன்று பேர் என்று சொன்னாலும் எண்ணிக்கையில் நான் நாலாவது. மூன்றாவது இடம் லாரிக்கு. நீண்ட மூக்கும் ரப்பர் பந்து வைத்த ஹாரனுமாக, மாமாவைவிடக் கொஞ்சம் நல்ல சுபாவத்தோடு அது நிற்கும். இங்கிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு ஆரியங்காவு கணவாய் ஏறிப் புனலூர் போகும், அங்கிருந்து மரம் ஏற்றி வரும். ஓட்டுவது உன் அப்பா. மாமா வாலிபத்தில் ஓட்டியவர், அப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு லாரியைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார்.

நான் அந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே என் கையைக் காட்டிவிட்டேன். மத்தியானம் மாமா கட்டிலில் அயர்ந்திருந்த நேரம் பார்த்து, லாரிப் பக்கம் பூனை மாதிரி போய் அந்த ரப்பர் பந்தை ஒரு அமுக்கு அமுக்கினேன். மனுஷன் எழுந்த வேகத்தில் வேட்டி கட்டிலிலேயே தங்கிவிட்டது. "எவம்லே வண்டியை எடுக்குதது?" என்று சத்தம். நான் அதற்குள் அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் கிணற்றடிக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து மாமாவுக்கு என் மேல் ஒரு சந்தேகம். சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ஆனால் பிற்பாடு அது போய் நின்ற இடம் வேறு.

லாரி அப்போது காலையில் லேசில் எழுந்திருக்காது. எழுந்தாலும் கரும்புகையாகக் கக்கும், ஏற்றத்தில் இழுக்காது. கடையநல்லூரிலிருந்து மைதீன் மேஸ்திரி வந்து பார்த்தார். என்ஜினுக்குள் டீசலை அளந்து பீய்ச்சுகிற பம்ப் தேய்ந்துபோய்விட்டது, வேறு போட்டால்தான் சரிவரும் என்றார். மேஸ்திரி கைதேர்ந்தவர், அந்தக் கையைப் பற்றி அவருக்கே பெரிய அபிப்பிராயமும் உண்டு. "நான் முடுக்கின போல்ட்டை நான்தான் கழட்டணும் அண்ணாச்சி" என்பார். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து, அதைக் கழற்றி வேப்பங்கிளையில் தொங்கவிட்டுவிட்டுத்தான் வண்டியைத் தொடுவார். மதுரையிலிருந்து பம்ப் வந்தது, வைக்கோலும் சாக்குமாகச் சுற்றி. மாமா அதைப் பலகையில் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டினார். நானும் பார்க்கப் போனேன். "நீ அங்கன தள்ளி நில்லு பிள்ள. வண்டிச் சாமான் மேல பொம்பள நிழல் விழக் கூடாது" என்றார். என் நிழலுக்கு அவ்வளவு கனம் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும். வாசற்படியில் நின்று பார்த்தேன். பம்ப் முழுக்கக் கிரீஸ், சந்தனம் எங்கே வைத்தாலும் வழுக்கியது. என்ஜினோடு போய் ஒட்டுகிற பக்கம் மட்டும் கடைந்து, துடைத்து, வெள்ளித் தட்டு மாதிரிப் பளபளவென்று இருந்தது. மாமா அங்கே விரல் நிறையச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்துக் கும்பிட்டார்.

மேஸ்திரியும் உன் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பம்பைத் தூக்கி வைத்தார்கள். டைமிங் பார்த்து, குழாயெல்லாம் மாட்டி, உள்ளே அடைத்திருந்த காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால், முதல் சுற்றிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. புகையே இல்லை. மாமா மேஸ்திரியின் முதுகில் தட்டினார், மேஸ்திரி வேப்பங்கிளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு காலரைச் சரிசெய்தார். மறுநாள் காலை நான் கோலம் போட வந்தபோது லாரிக்கு அடியில் எனக்கு முன்னாலேயே ஒரு கோலம் இருந்தது. கருப்பு எண்ணெயில், வட்டமாக.

அப்போது குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருக்கும். ஊர் ஊராக வருகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவார்கள். எங்கள் லாரி மட்டும் அருவிக்குப் போகாமல் வீட்டு வாசலிலேயே நின்று எண்ணெய் தேய்த்துக்கொண்டது. மேஸ்திரி வந்து குழாய் மூட்டுகளையெல்லாம் இறுக்கினார். ஒழுகியது. மூட்டுகளில் போடுகிற செம்பு வாஷர்கள் இறுகிப் போயிருக்கும், பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகும் என்று சொல்லி, என் அடுப்பில்தான் கங்கு கேட்டார். நானே இடுக்கியால் பிடித்து ஒவ்வொன்றாகச் சுட்டுக் கொடுத்தேன். "இந்த வித்தை மனுசனுக்கும் பலிக்குமா மேஸ்திரி? எங்க மாமாவை ஒருக்கா அடுப்புல காட்டலாமா?" என்றேன். அவர் வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "தங்கச்சி, எனக்கு இந்த வீட்டுல இன்னும் வேலை இருக்கு" என்றார். இளகிய வாஷர்களைப் போட்டும் ஒழுகியது. தூறலில் வண்டி அடியெல்லாம் ஈரம், சக்கரம் இறைத்த சேறு வேறு. தண்ணீர் எது, எண்ணெய் எது, எங்கிருந்து எது வருகிறது என்று சொல்ல முடியவில்லை. எண்ணெய் குறைந்துகொண்டே போனால் கணவாய் ஏற்றத்தில் என்ஜின் இறுகி நின்றுவிடும் என்று பயந்து, வந்த லோடுகளையெல்லாம் மாமா வேறு வண்டிக்குத் திருப்பிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் வாயிலிருந்து அது வந்தது. சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன். உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமா என்னைப் பார்க்காமல், குழம்புக் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னார். "வண்டி இத்தன வருசம் ஒரு சொட்டு சிந்துனது கிடையாது. வைகாசிக்குப் பொறவுதான் இந்தக் கேடு. அவ காலு வச்ச நேரம்." கொஞ்சம் பொறுத்து, "ஆடி வருது. அவங்கய்யா வந்து கூட்டிட்டுப் போகட்டும். எண்ணெ நின்ன பொறவு கூப்பிடுவோம். நிக்கலன்னா, ஆவணி வந்தா என்ன, ஐப்பசி வந்தா என்ன" என்றார்.

இதில் இருக்கிற சாமர்த்தியத்தைக் கவனி. புதுப்பெண்ணை ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது வழக்கம்தானே. தெருவில் யாருக்கும் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியாது. எங்கய்யாவும் சந்தோஷமாக வாழைத்தாரோடு வந்து கூட்டிப்போவார். ஆவணியில் யாரும் வந்து அழைக்காதபோதுதான் ஊருக்குத் தெரியும், என் கால் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று. நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் கை சோற்றுக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு கணம் நின்றது. பிறகு முகத்தைத் திருப்பி, முற்றத்தில் தூறல் விழுவதைப் பார்த்தார். பிறகு மோர் கேட்டார். நான் ஊற்றினேன்.

எனக்கு வாய் இல்லையா என்று நீ கேட்பாய். உன் அம்மாவுக்கு வாய் இல்லை என்று சொன்னால் மேலகரத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஆனால் மகனே, என் கால் நல்ல கால் என்று நானே சொன்னால் அது வாயாடித்தனம். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் சொன்னால்தான் அது ஒரு வார்த்தை. மாமா பேச்சு காதில் விழுந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மோர் ஊற்றும்போதுதான் பயம் வந்தது. இந்த மனுஷரோடு எத்தனை வருஷம் இப்படி ஊற்றிக்கொண்டிருப்பது என்ற பயம்.

ஆனி முடிய ஒரு நாள் பாக்கி. மறுநாள் எங்கய்யா வருகிறார். மேஸ்திரி அன்றும் வந்து எதையோ இறுக்கிவிட்டு, ஐந்தருவி ஏற்றம் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். அதற்கு முன் சாப்பிட உட்கார்ந்தார்கள். மழை வெறித்திருந்தது. மேஸ்திரி என்ஜினைப் பனியன் துணியால் நன்றாகத் துடைத்து வைத்திருந்தார், பானெட் திறந்து கிடந்தது. என் பெட்டியில் கல்யாணத்துக்கு வந்த பவுடர் டப்பா ஒன்று இருந்தது. எதற்காக எடுத்தேன் என்று கேட்டால், கோபத்துக்குத்தான். அந்த வண்டிக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றுதானே சொல்கிறார்கள், போகிறபோது அதன் மூஞ்சியில் பூசிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. மட்கார்டில் ஏறி நின்று, பம்ப், குழாய், என்ஜின் பக்கவாட்டு என்று ஒரு இடம் விடாமல் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன். கல்யாணப் பெண் கெட்டாள், அப்படி வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. பானெட்டைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு வந்து ரசம் ஊற்றினேன்.

அவர்கள் ஐந்தருவிக்குப் போய்த் திரும்பி வந்து பானெட்டைத் திறந்தார்கள். மல்லிகை வாசனை மாமாவின் கட்டில் வரைக்கும் வந்தது. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து பார்த்தார்.

"இது எவ பாத்த வேல?"

அந்த வீட்டில் இருந்த ஒரே 'எவ' நான்தான். "நான்தான் மாமா. வண்டிக்கு என்னைப் பிடிக்கலன்னு சொன்னீங்கள்லா. கொஞ்சம் பூசிவிட்டா பிடிக்குமான்னு பாத்தேன்."

"ஏட்டி, உனக்குக் கொழுப்பா?" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தவரை மேஸ்திரி தோளைப் பிடித்து நிறுத்தினார். "அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்க. இங்கன பாருங்க."

வெள்ளைப் பவுடர் எல்லாம் அப்படியே இருந்தது. குழாய் மூட்டு ஒவ்வொன்றிலும் இருந்தது. செம்பு வாஷர் போட்ட இடமெல்லாம் காய்ந்த வெள்ளை. ஒரே ஒரு கருப்புக் கோடு மட்டும், பம்ப் என்ஜினோடு ஒட்டுகிற விளிம்பில், மேல்பக்கத்தில் விரல்நுனி அளவு இடத்தில் பிறந்து, பவுடரை நனைத்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. அதற்கு மேலே ஒரு பொட்டு ஈரம் இல்லை. அங்கேதான் பேக்கிங் இருக்கிறது, என்ஜின் எண்ணெய் வெளியே கசியாமல் இரண்டு இரும்புக்கும் நடுவில் வைக்கிற காகித அட்டை. குழந்தைக்குக்கூடப் புரியும்படி அந்தக் கோடு இருந்தது.

ஆனால் நான் கோட்டைப் பார்க்கவில்லை. மேஸ்திரி தலையைத் தூக்கி உன் அப்பாவைப் பார்த்ததைப் பார்த்தேன். உன் அப்பா உடனே தரையைப் பார்த்ததையும் பார்த்தேன். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர்கள் அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

"அங்கன என்ன இருக்கு மேஸ்திரி?" என்று நான்தான் கேட்டேன்.

அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையை மறுபடியும் துடைத்தார். பிறகு மாமா பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கக் கூடாது. நீங்க வச்ச பொட்டு அங்கன இருக்கு" என்றார். "சந்தனம் அந்த முகத்துலதான் இருந்துச்சு. காஞ்சு கல்லு மாதிரி ஆகிட்டு. வழிச்சு எடுத்துட்டுத்தான் பேக்கிங் வைக்கணும். நீங்க சூடத் தட்டோட பக்கத்துல நிக்கீங்க. உங்க சாமிக்கு வச்சத நான் எப்படி அழுக்குத் துணியால தொடைப்பேன்? சுத்தித் தொடச்சேன். அது மேலயே வச்சு முடுக்கினேன். முடுக்கினா அமுங்கிரும்னு நெனச்சேன். அமுங்கல."

மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார். மேஸ்திரியை என்ன செய்யப் போகிறாரோ என்று பயந்தேன். மாமா சொன்னது இதுதான்: "அட கூறுகெட்ட மைதீனு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வழிச்சு எறிஞ்சிருப்பேனே. சாமிக்கு வண்டியில அந்த ஒரு எடந்தானா இருக்கு?"

அவ்வளவுதான். எந்தக் கோபத்துக்குப் பயந்து மேஸ்திரி நாள்கணக்காகக் குழாயையும் வாஷரையும் இறுக்கிக்கொண்டிருந்தாரோ, அந்தக் கோபம் அங்கே இல்லவே இல்லை. சாயங்காலத்துக்குள் பம்பைக் கழற்றினார்கள். சந்தனம் ஒரு பக்கம் பேக்கிங்கோடு ஒட்டிக்கொண்டு, குங்குமத்தோடு வந்தது. அது மேடாக நின்ற இடத்தில் அட்டை கிழிந்திருந்தது. மேஸ்திரி பிளேடால் சுரண்டி, டீசல் விட்டுக் கழுவி, மாமா தன் வேட்டி முனையாலேயே கடைசியாகத் துடைத்து, புதுப் பேக்கிங் வெட்டி வைத்து முடுக்கினார்கள். காலையில் லாரிக்கு அடியில் காய்ந்த மண்தான் இருந்தது. எங்கய்யா வாழைத்தாரோடு வந்தார். மாமா அவரை வாசல் வரை போய் வரவேற்று, "ஆவணி பொறந்ததும் நானே வந்து பிள்ளயக் கூட்டிட்டு வாரேன்" என்றார். என் காலைப் பற்றிச் சொன்னதை அவர் திருப்பி எடுக்கவும் இல்லை, மறுபடி சொல்லவும் இல்லை. அது அப்படியே தரையில் கிடந்தது. நான் தாண்டிக்கொண்டு வண்டி ஏறினேன்.

மேஸ்திரி மேல் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. அவருடையது மரியாதை. இன்னொருத்தர் சாமியைத் தொட்டுவிடக் கூடாது என்கிற மரியாதை. அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மரியாதையின் கணக்கில் அவரும் மாமாவும் மட்டும்தான் இருந்தார்கள். அடுப்படியில் நின்ற நான் அதில் இல்லை. நல்ல மனசோடுதான் இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், ஒழுகியது என் தலையில். ஏன் இரண்டு பேர் என்கிறேன் என்றால், அது ஆடியில்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது.

ஆடியில் மாப்பிள்ளை மாமனார் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். உன் அப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டு சுந்தரபாண்டியபுரம் வந்து, எங்கள் வயல் கிணற்றுப் பக்கம் தொப்பலாக நனைந்து நின்றார். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். "அன்னைக்குப் பம்பைத் தூக்கி வைக்கும்போது மறுபக்கம் பிடிச்சது நான்தான். பொட்டை நானும் பாத்தேன். மேஸ்திரி கண்ணால என்னக் கேட்டார், தொடைக்கவான்னு. நான் பேசாம இருன்னு கண்ணக் காட்டினேன்" என்றார். அப்படியென்றால் மாமா என் காலைப் பற்றிப் பேசிய அந்தச் சாப்பாட்டு நேரத்தில், எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று அவருக்கு ஓரளவு தெரியும். தெரிந்தே மோர் கேட்டிருக்கிறார். "ரொம்ப மனசுக்குக் கஷ்டமா இருக்கு" என்றார். அழுதார் என்றுகூட நினைக்கிறேன், மழையில் சரியாகத் தெரியவில்லை.

நான் பதினேழு வயசுக்காரி. பிழிந்த துணியை உதறினேன், அவர் மேல் தெறிக்கும்படியாகவே. "இத எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க? என் காலு மேல தப்பில்லன்னு எனக்கே தெரியும். தெரியாதவரு கட்டில்ல படுத்திருக்காரு. அவருகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றேன். "சொல்லுதேன்" என்றார். "ஆடியில வந்தத எங்கய்யா பாத்தா கம்போட வருவாரு, கெளம்புங்க" என்றேன். கிளம்பினார். ஆவணியில் உன் அப்பா ஓட்ட, மாமாவே லாரியோடு வந்து என்னை அழைத்துப் போனார். கேபினில் உட்கார்த்தி வைத்துப் பேசாமல் வந்தார். உன் அப்பா அவரிடம் சொன்னாரா, இல்லையா என்று நான் கேட்கவே இல்லை. சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். உன் அப்பா என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசினது கிடையாது. மற்றவர்கள் பேசினபோது குறுக்கே வந்ததும் கொஞ்சம் குறைவுதான். என் வாயே போதும் என்று விட்டுவிட்டாரோ என்னவோ.

இப்போது உன் விஷயம். மீனா நல்ல பிள்ளை, உன்னைவிடக் கெட்டிக்காரி. அது உனக்கே தெரியும் என்று நிச்சயத்தன்று நீ முழித்த முழியிலேயே தெரிந்தது. அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டுத் தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு திரியாதே. அவள் வீட்டு ஆட்கள் வந்தால் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காராதே. இதெல்லாம் நீ தடுக்கி விழுந்து கற்றுக்கொள்வாய், நான் பயப்படவில்லை. எனக்குப் பயம் அந்த ஜன்னல்தான். வேன் ஏன் நின்றது என்று டிரைவர் அங்கேயே சொல்லிவிட்டாராமே, கிளட்ச் போய்விட்டது என்று. உன் காதிலும் விழுந்திருக்கும். அதைச் சிரித்துக்கொண்டே உன் அப்பாவிடம் சொல்ல உனக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடச் செலவாகியிருக்காது. "கிளட்ச் போனதுக்கு அவ என்னப்பா செய்வா" என்று ஒரு வரி. உன் அப்பா உன்னைக் கடித்துத் தின்றிருக்க மாட்டார். அவர் அப்பாவே மேஸ்திரியைக் கடித்துத் தின்னவில்லை. அந்த ஒரு வரி இல்லாமல்தான் பழக்கூடையோடு வந்த பையன் வீட்டுக்குப் போயிருக்கிறான். அக்காவிடம் அவன் எதைச் சொல்லியிருப்பான் என்று நினைக்கிறாய்? உன் அப்பா சொன்னதை மட்டுமா? நீ ஒன்றும் சொல்லாததையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பான். மீனா இப்போது செங்கோட்டையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பது உன் அப்பாவின் பேச்சை அல்ல. அதனால் நீ ஊருக்கு வந்து, செங்கோட்டைக்குப் போய், அன்று விட்ட அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு வா.

எழுதினது வரைக்கும் நேற்று உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவரை வைத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் எழுதக் கூடாதல்லவா. வயல் கிணற்றுப் பக்கம் அவர் நனைந்து நின்ற இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். "நான் எங்கய்யாகிட்டச் சொல்லல" என்றார். "சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன். அடுத்த லோடு முடியட்டும், தீவாளி முடியட்டும்னு தள்ளிப் போட்டேன். அவரும் போயிட்டாரு. நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், நீயும் கேக்கல." இத்தனை வருஷமாக மாமாவுக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனுஷர் கடைசி வரைக்கும் என் காலை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போயிருக்கலாம் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.  எழுந்து போய் விளக்கேற்றினேன்.

திரும்பி வந்தபோது அவர் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார். "அவன் எதுக்கு வரணும்? வேன்ல சொன்னது நான்தானே. ஞாயித்துக்கிழமை காலம்பற செங்கோட்டைக்கு நானே போய், அந்தப் பயலையும் பிள்ளயையும் உக்கார வச்சு, நான் சொன்னது தப்புன்னு சொல்லிட்டு வாரேன்" என்றார். சட்டையை எதற்கு இப்போதே போடுகிறீர்கள், இன்னும் ஆறு நாள் இருக்கிறதே என்றேன். தைரியம் இருக்கும்போதே போட்டுக்கொள்கிறேன் என்றார்.

ஆக, சொன்னவர் தன் பங்கைச் செய்யப் போகிறார். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் பங்கு தனி. அதை அவர் சேர்த்துச் செய்ய முடியாது, நான் கடிதம் எழுதிச் செய்ய முடியாது, கல்யாணத்துக்கு அப்புறம் மீனாவிடம் தனியாக உட்கார்ந்து மனசு கஷ்டமாக இருந்தது என்று நீ சொல்லியும் செய்ய முடியாது. அப்படி ஒரு கஷ்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். துணியை உதறுவாள். நீ சனிக்கிழமை வண்டி ஏறினால் ஞாயிறு காலையில் இரண்டு பேரும் சேர்ந்து போகலாம். வராவிட்டால் அவர் தனியாகப் போவார். உன்னைப் பற்றி அங்கே கேட்டால், உனக்காக ஒரு வார்த்தையும் பேசிவிட்டு வரக் கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா